உயிர்த் தகவலியலும் பிளாக்செயினும்: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுகூட வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கம்பனி தொடங்கினேன். மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராய்வது, அதாவது உயிர்த் தகவலியல், எங்கள் வேலையின் ஒரு பகுதி. அந்தத் தரவுகளை யார் தந்தார், எதற்குச் சம்மதித்தார், யார் எடுத்துப் பார்த்தார் என்பதை பிளாக்செயினில், அதாவது சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துப் பலரிடம் பிரதியாக இருக்கும் பதிவேட்டில், பதிவது மற்றப் பகுதி. கலியாண வீட்டுப் பந்தியிலும் பாடசாலைக் கருத்தரங்கிலும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை விட்டிருக்கிறேன். சிலவற்றில் சூடும் குறையவில்லை.

பிள்ளை, உம்மை டொக்டர் என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் போவதைக் காணவில்லையே?

நான் மருந்து எழுதும் டொக்டர் அல்ல. மூலக்கூற்று உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்றதால் வந்த பெயர் அது. இரத்தப் பரிசோதனைத் துண்டை நீட்டி 'கொலஸ்ட்ரோல் கூடவா?' என்று கேட்பவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயிர்த் தகவலியல் என்றால் கணினியா, உயிரியலா?

இரண்டும். ஒரு நுளம்பின் காலிலிருந்து தொடங்குகிறேன். 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பக்கூடிய இனம் அது. உருவத்தைப் பார்த்து இனம் பிரிப்பதற்குத் தேர்ந்த கண் வேண்டும். நுளம்பு நசுங்கி வந்தால் அதுவும் உதவாது. ஆனால் ஒரு காலிலிருந்தே டி.என்.ஏ. எடுத்துவிடலாம்.

அந்த டி.என்.ஏ.யில் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டை வாசித்தால், ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் ஒரு நீண்ட வரி கிடைக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் இயந்திரம் தடுமாறும்; நிச்சயமில்லாத இடத்தில் 'என்' என்று போட்டுவிடும். அந்த ஓரங்களை வெட்டிவிட்டு மீதியை பிளாஸ்ட் என்ற தேடுகருவியில் இட வேண்டும். அது 1982-இல் தொடங்கிய ஜென்பேங்க் தரவுக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, எந்த இனத்தோடு எத்தனை வீதம் பொருந்துகிறது என்று சில வினாடிகளில் காட்டும். இரண்டும் இலவசம். 99 வீதம் என்று வந்தாலும் அந்தப் பதிவைக் களஞ்சியத்தில் இட்டவர் இனத்தைச் சரியாகப் பெயரிட்டாரா என்று பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் நேரத்தின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

துறை புதியதல்ல. மார்கரெட் டேஹொஃப் 1965-இலேயே 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டிப் புத்தகமாக அச்சிட்டார். இங்கேயும் நல்ல வேலை நடந்திருக்கிறது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, உவர்நீரிலும் பெருகுகிறது என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் குடாநாட்டிலேயே காட்டினார்கள்.

பிளாக்செயின் என்றால் பிட்காயின்தானே?

பிட்காயின் அதன் ஒரு பாவனை. காணி வாங்கியவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். நொத்தாரிசு எழுதும் உறுதியில் முன்னைய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் பெயர் எல்லாம் இருக்கும். அந்த உறுதியின் பிரதிகளில் ஒன்று உங்கள் கையில், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று காணிப் பதிவகத்தில். ஒருவர் தன் பிரதியில் ஒரு பரப்புக் காணியை இரண்டு பரப்பு என்று மாற்றினாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயினில் முன்னுறுதி இலக்கத்தின் இடத்தில் முந்தைய பதிவின் ஹாஷ், அதாவது அதிலிருந்து கணித்தெடுத்த ஓர் அடையாளச் சரம், இருக்கிறது. ஷா-256 என்ற முறையில் எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்துகளால் ஆன ஒரு சரம் வரும். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினால் அந்தச் சரம் முழுவதுமே வேறாகிவிடும். எனவே பழைய பதிவைத் தொட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் பொருந்தாமல் போகும்.

ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-இல் ஆவணங்களுக்கு நேரமுத்திரை இடுவதற்காக இந்தச் சங்கிலியை முன்வைத்தார்கள். பிட்காயின் கட்டுரை 2008-இல்தான் வந்தது. ஆக, முதலில் இருந்தது ஆவணம், பிறகு வந்தது நாணயம். நாங்கள் ஆவணப் பக்கத்தில் நிற்கிறோம்.

அப்படியானால் நீங்களும் ஒரு காய்ன் வெளியிடுவீர்களா? இப்போதே போட்டால் லாபமா?

இல்லை. வெளியிடப்போவதும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே எங்கோ பணத்தைக் கொடுத்துவிட்டு, அது திரும்ப வருமா என்றுதான் உண்மையில் கேட்கிறார்கள். கிரிப்டோ நாணயங்கள் குறித்து மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. அவற்றை வாங்க இலங்கை வங்கி அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியும் இல்லை. 'இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் பங்கு' என்றால் அது பிரமிட் திட்டம்; வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். அதில் மரபணு, பிளாக்செயின் என்ற சொற்கள் இருப்பதால் குற்றம் குறைந்துவிடாது.

கலாநிதிப் பட்டம் எடுத்தும் அரச வேலை கிடைக்கவில்லையா? கம்பனியில் பணம் எங்கே வருகிறது?

மனித மரபணுத்தொகை, அதாவது ஒருவரின் முழு டி.என்.ஏ. தொகுதி, ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதை முதன்முதலில் வாசிக்கும் திட்டம் 1990 முதல் 2003 வரை நீண்டது. செலவு ஏறத்தாழ 2.7 பில்லியன் டொலர். இன்று ஒருவருடைய மரபணுத்தொகையை 1,000 டொலருக்கும் குறைவாக வாசிக்கலாம். வாசிப்பது மலிவாகிவிட்டது, வாசித்ததை விளங்கிக்கொள்ள ஆள் போதவில்லை. அந்த இடைவெளியில் ஒரு தொழில் இருக்கிறது என்று கண்டேன். விரிவுரையாளராக இருந்தும் செய்திருக்கலாம். ஆனால் வெற்றிடம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

பணம் வருவது உயிர்த் தகவலியலில். வெளிநாட்டு ஆய்வுக்குழுக்கள் வாசித்து வைத்திருக்கும் தரவுகளை நாங்கள் ஆராய்ந்து கொடுக்கிறோம். பெரிய வாசிப்பு இயந்திரம் எங்களிடம் இல்லை. கோப்பு இணையத்தில் வரும், முடிவு இணையத்தில் போகும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அப்படியொரு காலம் திரும்பி வந்தாலும் கணிப்பு நிற்காது. அது வாடகைக்கு எடுத்த சேர்வரில் ஓடுகிறது. பிளாக்செயின் பக்கம் இதுவரை வரவை விடச் செலவே அதிகம். முதலீட்டாளர்களுக்கு அந்தச் சொல்தான் பிடிக்கிறது, வங்கிக் கணக்கை நிரப்புவதோ மற்றது.

சாதாரண தரவுத்தளம் போதாதா? எதற்கு இந்த வீண் வேலை?

பெரும்பாலும் போதும். உங்கள் கடைக் கணக்குக்கோ பாடசாலை வரவுப் பதிவேட்டுக்கோ பிளாக்செயின் வேண்டும் என்று ஒருவர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பதிவை வைத்திருப்பவரை எல்லோரும் நம்பும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஐ.பி.எம்.மும் மேர்ஸ்க் கப்பல் கம்பனியும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற கப்பற் சரக்குத் திட்டத்தை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். தொழில்நுட்பம் ஓடியது, துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை.

எங்கள் விடயத்தில் மூன்று தரப்புகள் இருக்கின்றன: எச்சிலோ இரத்தமோ தருபவர், அதைச் சேகரிப்பவர், தரவைக் கேட்கும் வெளிநாட்டு ஆய்வாளர். சம்மதப் பதிவு யாருடைய சேர்வரில் இருந்தாலும் மற்றவர் 'பிறகு மாற்றியிருப்பீர்கள்' என்று சொல்லலாம். மூவரும் ஒரு பிரதியை வைத்திருந்தால் அந்தப் பேச்சு எழாது. அவ்வளவுதான் இதன் பயன். சிறியது, ஆனால் உண்மையானது.

மின்சாரத்தை விழுங்குமாமே?

பிட்காயின் அகழ்வுதான், அதாவது அடுத்த பதிவைச் சேர்க்கக் கணினிகள் போட்டி போட்டுக் கணக்குப் போடுவதுதான், அப்படி விழுங்குகிறது. எதேரியம் என்ற இன்னொரு பிளாக்செயின் 2022 செப்டெம்பரில் முறையை மாற்றித் தன் மின் செலவை 99 வீதத்துக்கும் மேல் குறைத்துவிட்டது. நாங்கள் பயன்படுத்துவது அனுமதி பெற்றவர்கள் மட்டும் எழுதும் சங்கிலி. அங்கே அகழ்வே இல்லை.

என் தோட்டத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு இதைப் போட்டால் விலை கூடுமா?

சாவகச்சேரியிலிருந்து வந்த இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. வால்மார்ட் என்ற அமெரிக்கக் கடைத்தொடர் ஒரு பரிசோதனை செய்தது. கடையில் இருந்த மாம்பழப் பொதி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று பழைய முறையில் தேட ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்தது, பிளாக்செயினில் 2.2 வினாடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்டியில் ஒட்டிய கியூ.ஆர். துண்டை ஒருவர் உரித்து விலாட்டு என்ற வேறு இன மாம்பழப் பெட்டியில் ஒட்டிவிட்டால் சங்கிலிக்கு எப்படித் தெரியும்? அது எழுதியதைக் காக்கும். எழுதியது பொய்யென்றால் பொய்யையும் அதே உறுதியோடு காக்கும்.

இங்கேதான் எங்கள் இரண்டு வேலைகளும் சந்திக்கின்றன. இன்ன இனம் என்பதை இலையிலிருந்தோ பழத்தோலிலிருந்தோ எடுத்த டி.என்.ஏ.யில் சோதிக்கலாம். ஒவ்வொரு பழத்துக்கும் சோதித்தால் சோதனைச் செலவு பழத்தின் விலையைத் தாண்டிவிடும். ஏற்றுமதித் தொகுதிக்கு ஒன்று எடுத்துப் பார்த்து, முடிவின் ஹாஷைப் பதிந்தால் வாங்குபவருக்கு ஒரு பிடி கிடைக்கும். உள்ளூர்ச் சந்தையில் விலை கூடாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பழத்தை மணந்து பார்த்தே இனம் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நான் எதற்கு?

நண்டும் மீனும் வேறு கதை. 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை இறக்க விடவில்லை. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய கட்டுப்பாடு இல்லை என்பதே குற்றச்சாட்டு. மீனின் சுவையில் யாரும் குறை காணவில்லை. எந்தப் படகு, எந்தக் கடல், எந்தத் திகதி என்ற பதிவு அப்படிப்பட்ட வாங்குபவரிடம் பணமாக மாறும்.

வடலியாக இருக்கும்போதே ஆண் பனையா பெண் பனையா என்று சொல்வீர்களா?

சொல்ல முடிந்தால் இந்தக் கம்பனிக்குத் தனிக் கட்டடமே இருந்திருக்கும். பாளை வரும்வரை 12, 15 வருடங்கள் காத்திருந்துதான் இப்போது தெரிந்துகொள்கிறோம். ஆணிலும் பெண்ணிலும் மாறுபடும் டி.என்.ஏ. அடையாளங்களை ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள். காசு கொடுத்தால் கன்றைச் சோதித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், ஏற்கெனவே பாளைவிட்ட பனைகளின் இலைகளைப் பெயர் சொல்லாமல் கொடுத்து முதலில் அவரைச் சோதியுங்கள்.

அக்கா, உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. கணிதத்தை விட்டுவிட்டேன். இந்தத் துறைக்கு வர முடியுமா?

வரலாம். விட்ட கணிதத்தில் நிகழ்தகவையும் புள்ளிவிபரவியலையும் மட்டும் மீண்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். தொகையீடு இல்லாமல் நெடுந்தூரம் போகலாம். பைத்தன் அல்லது ஆர் என்ற நிரல்மொழிகளில் ஏதாவது ஒன்று. லினக்ஸ் கட்டளைவரியைக் கண்டு பயப்படாத மனம். கணிதப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு எதிர்ப்பக்கத்துக் குறை: நிரல் அழகாக எழுதுவார்கள், இயந்திரம் போட்ட 'என்' என்ற எழுத்தை டி.என்.ஏ.யின் ஐந்தாவது எழுத்து என்று நினைப்பார்கள்.

தரவுக்குப் பணம் தேவையில்லை. நுளம்புக் கேள்வியில் சொன்ன ஜென்பேங்கில் டெங்கு வைரசின் மரபணுத்தொகைகள் கிடக்கின்றன. ஒன்று ஏறத்தாழ 10,700 எழுத்து, பழைய மடிக்கணினியே போதும். நான்கு வகை டெங்குவிலும் ஒவ்வொன்றை இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பெறுபேற்றை அல்ல, அப்படிச் செய்து பார்த்த ஏதாவது ஒன்றை.

கனடாவில் இருக்கும் மருமகள் எச்சில் அனுப்பிப் பார்த்தாள். 'தென்னிந்தியா, இலங்கை' என்று வீதம் போட்டு வந்தது. அது சரியா?

பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீதம் இரத்தத்தில் எழுதப்பட்ட ஒன்றல்ல. கம்பனி தன்னிடமுள்ள ஒப்பீட்டு ஆட்களோடு அவளைப் பொருத்திப் பார்த்து யாருக்குக் கிட்ட என்று கணித்திருக்கிறது. ஒப்பீட்டுப் பட்டியலில் ஆட்கள் கூடினால் அதே எச்சிலுக்கு அடுத்த வருடம் வேறு வீதம் வரும், பலருக்கு வந்திருக்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. 2015-இல் நிறைவடைந்த 1000 மரபணுத்தொகைத் திட்டத்தில் உலகெங்கும் 26 சமூகங்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவு இருக்கிறது. அதில் 'பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்' என்று ஒரு தொகுதி, 102 பேர். உலகில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். இங்கே உள்ளவர்களைப் பற்றிய எத்தனையோ கணிப்புகள் புலம்பெயர்ந்த அந்த 102 பேரின் மேல் நிற்கின்றன.

டி.என்.ஏ.யில் சாதி தெரியுமா?

குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சாதி என்று ஒரு மரபணு கிடையாது. உயர்வு தாழ்வு எந்த எழுத்திலும் இல்லை. பல தலைமுறைகள் ஒரே வட்டத்துக்குள் மணம் முடித்தால் அந்தக் கூட்டத்தில் சில மாற்றங்கள் அடிக்கடி காணப்படும். புள்ளிவிபரத்தில் அது தெரியும். அதன் நடைமுறைப் பொருள் ஒன்றுதான்: பெற்றோர் இருவரும் ஒரே குறையைக் காவி, பிள்ளைக்கு நோயாக வரும் வாய்ப்பு கூடுகிறது. பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. கலியாணத்துக்கு முன் 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று வரும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை, எவ்வளவு தந்தாலும்.

மச்சாளைக் கலியாணம் முடிக்கப் போகிறேன். மரபணுப் பொருத்தம் பார்க்க வேண்டுமா?

மேலே சொன்ன காரணம் இங்கே இன்னும் கிட்ட வருகிறது. மாமன் மாமி பிள்ளைகளான மச்சானும் மச்சாளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ.யைப் பகிர்கிறார்கள். எந்தத் தம்பதிக்கும் குறையோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 3 வீதம். நெருங்கிய உறவில் அது இரண்டு மடங்கு வரை போகலாம். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் குறையைக் காவுகிறீர்களா என்பதை அறிய எங்கள் கம்பனி தேவையில்லை, ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனை போதும்.

என் மரபணுத்தொகை முழுவதையும் அந்தச் சங்கிலியில் போட்டுவிடுவீர்களா?

ஓர் எழுத்தைக் கூடப் போட மாட்டோம். முழு வாசிப்பின் மூலக்கோப்பு பல பத்து ஜிகாபைட். அதைப் பிரதி பிரதியாக வைப்பதே பைத்தியக்காரத்தனம், அந்தரங்கம் வேறு. கோப்பு பூட்டிய சேர்வரில் இருக்கும். சங்கிலியில் இருப்பது கோப்பின் ஹாஷ், சம்மதப் படிவத்தின் ஹாஷ், நேரம், பார்த்தவரின் அடையாளம். பிளாக்செயினைப் பயன்படுத்தும் எஸ்தோனியா நாட்டிலும் நோயாளர் பதிவேடு சங்கிலியில் இல்லை. பதிவேட்டைத் தொட்டதற்கான தடத்தைத்தான் அந்தத் தொழில்நுட்பம் காக்கிறது.

ஒரு நுணுக்கம். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு விடைகளே உள்ள கேள்வியின் விடையை அப்படியே ஹாஷ் செய்தால், இரண்டையும் போட்டுப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொன்றோடும் ஒரு நீண்ட எழுந்தமான எண்ணைக் கலந்தே ஹாஷ் செய்கிறோம். அந்த எண் சங்கிலிக்கு வெளியே இருக்கும்.

அழிக்க முடியாத இடத்தில் பதிந்துவிட்டு, நான் அழி என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? சட்டம் இருக்கிறதே?

2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அழிக்கக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. நீங்கள் கேட்டால் கோப்பை அழிப்போம், மேலே சொன்ன எழுந்தமான எண்ணையும் அழிப்போம். மிஞ்சும் 64 எழுத்துகளிலிருந்து உங்களை மீட்டெடுக்க வழி இல்லை. இது போதாது என்று வாதிடும் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள்; ஐரோப்பாவில் அந்த வழக்காடல் ஓயவில்லை. ஆனால் ஏற்கெனவே வெளிவந்த ஓர் ஆய்வில் உங்கள் தரவு ஓர் எண்ணாகச் சேர்ந்திருந்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. படிவத்தில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

கம்பனியை மூடிவிட்டு நீங்கள் லண்டனுக்குப் போய்விட்டால்?

நியாயமான பயம். எச்சிலில் மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பனியில் 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. எச்சில் தந்தவர்கள் தங்கள் தரவு யார் கைக்குப் போகும் என்று பதறினார்கள். பிளாக்செயின் இருந்திருந்தாலும் அந்தத் திருட்டைத் தடுத்திருக்காது. நாங்கள் செய்திருப்பது எளியது: கம்பனி விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ மரபணுத் தரவு சொத்தாகக் கைமாறாது, அழிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம்.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் உடைந்துவிடுமாமே?

ஹாஷ் ஓரளவு தாங்கும். பதிந்தவர் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் கையொப்ப முறைகள்தான் ஆபத்தில் இருக்கின்றன. அதற்கு மாற்றான முறைகளை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஓகஸ்டில் வெளியிட்டுவிட்டது, நாங்களும் மாறிக்கொண்டிருக்கிறோம். மரபணுத் தரவில் கவலை இன்னொன்று: வங்கி இரகசிய எண்ணை மாற்றலாம், டி.என்.ஏ.யை மாற்ற முடியாது. இன்று பூட்டோடு திருடிய கோப்பை இருபது வருடம் கழித்துத் திறந்தாலும் அது உங்கள் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசும்.

அண்ணன் எச்சில் கொடுத்துவிட்டார். எனக்குத் துளியும் விருப்பமில்லை. யாருடைய சொல் செல்லும்?

சட்டத்தில் அண்ணனுடையது. ஆனால் உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி டி.என்.ஏ.யைப் பகிர்வதால், அவர் கொடுத்ததில் உங்களில் பாதியும் போய்விட்டது. 2018-இல் கலிபோர்னியாப் பொலிசார் ஒரு தொடர் கொலைகாரனைப் பிடித்தது அவனுடைய மாதிரியை அரசாங்கப் பட்டியலில் கண்டல்ல. தூரத்து உறவினர்கள் வம்சாவளித் தளத்தில் இட்ட தரவிலிருந்து வேர் பிடித்துப் போனார்கள். கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். அதே வழியில் வேறு யாரையும் தேடலாம் என்பதும் உண்மை.

நாங்கள் உறவுத் தேடலுக்குத் தரவைத் திறப்பதில்லை. உடன்பிறந்தவரின் எழுத்துமூல மறுப்பு வந்தால், இருவரும் பேசி முடிக்கும்வரை அந்தத் தரவை எந்த ஆய்வுக்கும் அனுப்புவதில்லை. மறுப்பு வந்த திகதி சங்கிலியில் பதியப்படும், மறுத்தவரின் பெயர் பதியப்படாது. மூன்று மாதத்தில் இணக்கம் வராவிட்டால் மாதிரியை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இதற்குச் சட்டம் எங்களை வற்புறுத்தவில்லை. படிவத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. கையொப்பம் வைக்கும் முன் அண்ணனை அதை வாசிக்கச் சொல்லுங்கள்.